உறைந்துபோன கெர்னலிடமிருந்து கடைசி வரிகளைப் பெறுவது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கணினி உறைந்ததும் விரல் தானாகப் பவர் பொத்தானைத் தேடிப் போகும். அதை ஒரு நிமிடம் தடுத்து நிறுத்துங்கள். பொத்தானை அழுத்திய கணமே ரேமில் இருந்த சாட்சியம் முழுவதும் அழிந்துவிடும். பிறகு கையில் மிஞ்சுவது "நேற்று இரவு மறுபடியும் நின்றுவிட்டது" என்ற ஒரு வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு எந்தப் பிழையையும் பிடிக்க முடியாது.

கீழே உள்ளவை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கானவை. கெர்னல் தன் செய்திகளை முதலில் ரேமில் உள்ள ஒரு வட்டத் தாங்கியில் எழுதுகிறது. அங்கிருந்து அவை வெளியே வர வேறு சிலரின் தயவு வேண்டும். வட்டில் பதிய வேண்டுமானால் சிபியு நேரத்தைப் பங்கிடும் ஷெட்யூலர், பதிவுகளைச் சேமிக்கும் ஜர்னல் சேவை, கோப்பு முறைமை, வட்டு டிரைவர் ஆகிய நால்வரும் நலமாக இருக்க வேண்டும். சீரியல் போர்ட்டுக்கோ ஒரே ஒரு சிபியு நகர்ந்தால் போதும். ஆகவே உறைந்த நேரத்தில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. செய்தியை எந்த வழியாக வெளியே எடுப்பது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

கட்டளைகளையும் அளவுருக்களையும் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது கெர்னல் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள்.

பொத்தானை அழுத்தும் முன்

வேறொரு கணினியிலிருந்து பிங் அனுப்புங்கள். பதில் வந்தால், குறைந்தபட்சம் ஒரு சிபியுவில் இன்டரப்ட்கள் (சாதனங்கள் சிபியுவின் கவனத்தைக் கேட்கும் குறுக்கீடுகள்) ஓடுகின்றன என்று பொருள். பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னலின் உள்வேலை. பயனர் நிரல் எதுவும் அதற்குத் தேவையில்லை. அதனால் பிங் பதில் தருகிறது என்பதற்காக "கணினி நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து கேப்ஸ் லாக் விசை. விளக்கு மாறினால் விசைப்பலகையின் பாதை உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்துக் கன்சோலில் அந்த விளக்கைக் கெர்னலே மாற்றுகிறது. வரைகலைத் திரையில் அதை மாற்றச் சொல்வது டெஸ்க்டாப்பை நடத்தும் நிரல். அந்த நிரல் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தாலும் விளக்கு மாறாது. எனவே வரைகலைத் திரையில் விளக்கு அசையாததைக் கெர்னலின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, கைப்பேசியில் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். படத்தில் ஒன்றுமில்லை என்றாலும், கடிகாரம் எந்த நிமிடத்தில் நின்றது என்பதாவது கிடைக்கும்.

அறிகுறி: திரை நின்றுவிட்டது, பிங்குக்குப் பதில் வருகிறது

எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முயலுங்கள். நுழைந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் வரைகலை டிரைவரோ டெஸ்க்டாப்போ மட்டும் சிக்கியிருக்கிறது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை வேறு கணினிக்கு நகலெடுத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

கடவுச்சொல் கேட்டபின் அப்படியே நின்றுவிட்டால் சந்தேகம் வட்டின் மேல் திரும்ப வேண்டும். புதிதாக ஒரு ஷெல் தொடங்க வட்டிலிருந்து கோப்புகளைப் படிக்க வேண்டும். வட்டுப் பாதை அடைபட்டிருந்தால் அது நடக்காது. இதற்கு முன்னேற்பாடு ஒன்றுதான். பிழை வரக்கூடும் என்று தெரிந்த நாளில், முன்கூட்டியே வேறு கணினியிலிருந்து ரூட் ஷெல் ஒன்றைத் திறந்து, அதில் டிமெசேஜைத் தொடர்ந்து காட்டும்படி ஓடவிட்டு வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ரேமில் இருக்கும் நிரலுக்கு வட்டின் தயவு அநேகமாகத் தேவைப்படாது.

இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதும் ஒரு உத்திதான். ஒரு டாஸ்க் (ஓடும் நிரலோ அதன் இழையோ) தொடர்ந்து 120 வினாடிகள் எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடந்தால், கெர்னலே அதன் பெயரையும் ஸ்டாக் டிரேஸையும் (எந்தெந்தச் செயற்கூறுகள் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியலையும்) எழுதும். அவசரப்பட்டு 90ஆவது வினாடியில் அணைத்துவிட்டால் அந்த வரிகள் பிறக்கவே பிறக்காது.

ஜர்னலை நம்புவது குறித்து ஓர் எச்சரிக்கை. சிஸ்டம்டி ஜர்னல் தன்னிடம் உள்ளதை வட்டில் உறுதியாக எழுதும் இடைவெளி இயல்பாக 5 நிமிடம். மிக அவசரத் தரமுள்ள செய்திகளுக்கு மட்டுமே அது உடனே எழுதும். நான் ஒருமுறை இரண்டு நாள்களை இப்படி வீணடித்தேன். ரீபூட் செய்த பின் முந்தைய அமர்வின் பதிவைத் திறந்தால், கடைசி வரி புளூடூத்தைப் பற்றியது. புளூடூத் டிரைவரைக் குடைந்தேன், மாட்யூலை நீக்கினேன், பழைய பதிப்புக்குப் போனேன். உறைவு நிற்கவில்லை. கடைசியாக வட்டில் பதிந்த வரிதான் அது. கடைசியாக நடந்த நிகழ்வு அதற்கும் பின்னால், எங்கும் பதியாமல் ரேமோடு போயிருந்தது.

அறிகுறி: பிங் இல்லை, ஆனால் விசைப்பலகைக்கு உயிர் இருக்கிறது

சிஸ்ஆர்க்யூ விசையைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது. ஆல்ட் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தைத் தட்டினால், கெர்னல் அதை நேராகக் கேட்கும். ஆனால் பல லினக்ஸ் விநியோகங்கள் இதன் பெரும்பகுதியை அடைத்தே தருகின்றன. சிஸ்கண்ட்ரோலில் கெர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பை 1 ஆக்கினால் எல்லாம் திறக்கும். உறைந்த பிறகு இதை மாற்ற வழியில்லை; இன்றைக்கே மாற்றிவையுங்கள்.

முதலில் 9 என்ற எண்ணைத் தட்டுங்கள். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். 9 கன்சோலின் லாக் லெவலை, அதாவது எந்தத் தரம் வரையான செய்திகள் கன்சோலுக்கு வரலாம் என்ற எல்லையை, உச்சத்துக்கு ஏற்றுகிறது. அது இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட தகவல் தாங்கிக்குள் போகும், திரைக்கோ கம்பிக்கோ வராது. பிறகு 'எல்': வேலை செய்துகொண்டிருக்கும் எல்லா சிபியுக்களின் ஸ்டாக் டிரேஸ். பிறகு 'டபிள்யூ': எழுப்ப முடியாமல் காத்திருக்கும் டாஸ்க்குகள். பூட்டுகளைக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காப்பவை) கண்காணிக்கும் லாக்டெப் சேர்த்துக் கட்டிய கெர்னலாக இருந்தால் 'டி'யும் (D) தட்டுங்கள். யார் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும்.

எல்லா டாஸ்க்குகளையும் கொட்டும் 'டீ' (T) எழுத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் வினாடிக்கு 11520 எழுத்துகளைத்தான் அனுப்பும். ஆயிரம் டாஸ்க்குகள், ஆளுக்கு 1500 எழுத்துகள் என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் அச்சிடும் சிபியு வேறு எதையும் செய்யாததால், அச்சிடுவதே புதிய சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கையை (ஒரு சிபியு யாருக்கும் வழிவிடவில்லை என்ற எச்சரிக்கை; கீழே வருகிறது) எழுப்பக்கூடும். நோயைப் பார்க்கப் போன மருத்துவரே நோயாளியின் மேல் உட்கார்ந்த கதைதான்.

சீரியல் கம்பி வழியாகவும் சிஸ்ஆர்க்யூ கேட்கும். முனைய நிரலிலிருந்து பிரேக் சிக்னல் அனுப்பி, அடுத்த 5 வினாடிகளுக்குள் எழுத்தைத் தட்ட வேண்டும்.

அறிகுறி: பிங் இல்லை, விளக்கு இல்லை, காற்றாடி மட்டும் சுழல்கிறது

கடினமானது இதுதான். ஆகவே இங்கே சற்று அதிகமாகவே தங்குகிறேன்.

முதலில், கெர்னல் தானே உறைவை உணரும்படி செய்ய வேண்டும். அதற்கு இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒரு சிபியு கெர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு 20 வினாடிகளுக்கு மேல் வேறு யாருக்கும் வழிவிடாவிட்டால் சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை வரும். இன்டரப்ட்களையே மூடிக்கொண்டு சுமார் 10 வினாடிகள் நின்றுவிட்டால் ஹார்ட் லாக்கப். இரண்டாவதைக் கண்டுபிடிக்க, மூட முடியாத இன்டரப்டான என்எம்ஐ தேவைப்படுகிறது. சிபியுவின் செயல்திறன் எண்ணி ஒன்று அதை அவ்வப்போது எழுப்புகிறது. மின்சக்தியைச் சேமிக்கும் சில கருவிகள் இந்தக் காவலரைச் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடும். பிராக் கோப்பகத்தில் சிஸ், கெர்னல் வழியாகப் போய் என்எம்ஐ வாட்ச்டாக் கோப்பில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். கேவிஎம் மேல் ஓடும் மெய்நிகர் கணினியில் ஹார்ட் லாக்கப் காவலர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும்.

அடுத்து, எச்சரிக்கையைப் பேனிக்காக, அதாவது கெர்னல் தன்னையே நிறுத்திக்கொள்ளும் நிலையாக, மாற்றுங்கள். சாஃப்ட்லாக்கப் பேனிக், ஹார்ட்லாக்கப் பேனிக், ஹங் டாஸ்க் பேனிக், பேனிக் ஆன் ஊப்ஸ் (ஊப்ஸ் என்பது கெர்னலுக்குள் நேர்ந்த பிழையின் அறிக்கை) ஆகிய நான்கையும் 1 ஆக வையுங்கள். சும்மா உறைந்து நிற்கும் கெர்னல் எந்தப் பதிவையும் எழுதாது. பேனிக் ஆகும் கெர்னல் போகும் வழியில் எழுதிவிட்டுப் போகும். பிறருக்குச் சேவை தரும் கணினியில் இதைச் செய்வதா என்று யோசித்து முடிவெடுங்கள். தானாகச் சரியாகிவிடக்கூடிய ஒரு தடுமாற்றமும் அங்கே முழு வீழ்ச்சியாகிவிடும்.

மூன்றாவதாக, எல்லா சிபியுக்களின் ஸ்டாக் டிரேஸையும் கேட்கும் அளவுருக்களை இயக்குங்கள். சாஃப்ட், ஹார்ட் இரண்டுக்கும் 'ஆல் சிபியு பேக்டிரேஸ்' என்று முடியும் ஒன்று உண்டு. காரணம் இதுதான்: புகார் சொல்லும் சிபியு பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. டிரேஸின் உச்சியில் ஸ்பின்லாக்கின் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) மெதுவான பாதையைக் குறிக்கும் செயற்கூறு இருந்தால், அந்த சிபியு வரிசையில் நிற்கிறது. பூட்டைப் பிடித்திருப்பவர் வேறு எங்கோ. மற்ற சிபியுக்களின் பதிலுக்காகக் காத்திருக்கும் செயற்கூறு உச்சியில் இருந்தாலும் அதே கதை: இன்டரப்ட்களை மூடிக்கொண்டு பதில் தராத வேறொரு சிபியுவைத் தேட வேண்டும். நெரிசலின் வாலில் நின்று ஹாரன் அடிப்பவரை விசாரித்து என்ன பயன், முன்னால் குறுக்கே நிற்கும் வண்டியைப் பார்க்காமல்?

சேவையகமாக இருந்தால் இன்னொரு கதவும் உண்டு. சிபியுவிலிருந்து தனித்து இயங்கும் மேலாண்மைச் சில்லு வழியாக என்எம்ஐயை வெளியிலிருந்து அனுப்பலாம். ஐபிஎம்ஐ கருவியில் சேசிஸ் பவர் டயக் என்பது அந்தக் கட்டளை. முன்பே 'அன்நோன் என்எம்ஐ பேனிக்' அளவுருவை இயக்கியிருந்தால், அந்த இன்டரப்ட் வந்ததும் கெர்னல் பேனிக் ஆகும். காவலர்களே உறங்கிவிட்ட உறைவிலும் இது வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

என்எம்ஐக்கும் பதிலில்லை என்றால் சந்தேகம் மென்பொருளைத் தாண்டி நகர்கிறது. மின்வழங்கி, ரேம், பஸ்ஸில் தொங்கிப்போன ஒரு சாதனம் என்று வன்பொருள் பக்கம் பாருங்கள்.

அறிகுறி: சீரியல் இணைத்தும் ஒன்றும் வரவில்லை, அல்லது குப்பை வருகிறது

எனக்கு இன்னும் பிடித்த வழி சீரியல்தான். பழையது, மெதுவானது, ஆனால் கெர்னலிடம் மிகக் குறைவாகக் கேட்கிறது. பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரும் அளவுருக்களின் வரி) கன்சோல் அளவுருவை இருமுறை தரலாம்: ஒன்று டிடிஒய்0, இன்னொன்று டிடிஒய்எஸ்0, கூடவே 115200 என்ற வேகம். கெர்னல் செய்திகள் இரண்டுக்கும் போகும். கடைசியாக எழுதப்பட்டதே டெவ் கன்சோல் ஆகும் என்பதால், தொடக்க நிரல்களின் பேச்சு அங்கே மட்டும் வரும்.

குப்பை எழுத்துகள் வந்தால் இரு பக்க வேகமும் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் முதலில் கம்பியைப் பாருங்கள். இரண்டு கணினிகளை நேராக இணைக்க, அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக மாறிய நல் மோடம் கேபிள் வேண்டும். சிறு பலகைகளில் உள்ள சீரியல் பின்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட் மட்டத்தில் இயங்குகின்றன. பழைய ஆர்எஸ்-232 போர்ட்டை அதில் நேராகச் செருகினால் பலகையே போய்விடும். யூஎஸ்பி சீரியல் கேபிளைக் கேட்கும் பக்கத்தில் வைக்கலாம். உறையும் பக்கத்தில் வைக்காதீர்கள்: யூஎஸ்பி அடுக்கு முழுவதும் நலமாக இருந்தால்தான் அது பேசும், அப்படி நலமாக இருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

சேவையகங்களில் மேலாண்மைச் சில்லு சீரியலை நெட்வொர்க் வழியே தரும். அங்கே போர்ட்டின் எண் பெரும்பாலும் 0 அல்ல, 1. இந்த ஓர் எண்ணுக்காக ஒரு மாலை முழுவதையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

பூட் செய்திகள் தொடங்கி நடுவில் நின்றால், பூட் வரியில் 'குவைட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு 'இக்னோர் லாக்லெவல்' என்று சேருங்கள். கன்சோல் தயாராகும் முன்பே இறந்துவிடும் கெர்னலுக்கு 'எர்லிகான்' அல்லது 'எர்லிபிரிண்ட்கே' வேண்டும்.

அறிகுறி: நெட்கன்சோல் ஏற்றியாகிவிட்டது, மறுமுனையில் மௌனம்

சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியில் இதுவே அடுத்த தேர்வு. கெர்னல் தன் செய்திகளை யூடிபி பொதிகளாக அனுப்பும். இயல்பாக 6665ஆம் போர்ட்டிலிருந்து 6666ஆம் போர்ட்டுக்கு. மறுமுனையில் நெட்கேட் நிரலை யூடிபியில் 6666ஐக் கேட்க வைத்தால் போதும்.

சோதனை எளிது. ரூட்டாக டெவ் கேமெசேஜ் கோப்பில் ஒரு வரியை எழுதுங்கள், முன்னால் கோண அடைப்புக்குள் 0 என்ற தர எண்ணோடு. அது மறுமுனையில் தோன்றி, 6 என்ற எண்ணோடு எழுதியது தோன்றாவிட்டால், பிழை நெட்வொர்க்கில் இல்லை. லாக் லெவல்தான் தடுக்கிறது. டிமெசேஜ் கட்டளைக்கு 'என்' (n) விருப்பத்தோடு 8 கொடுத்து ஏற்றுங்கள்.

0கூட வரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். வைஃபை இடைமுகமாக இருந்தால் முயற்சியை விடுங்கள். கம்பி இணைப்பு வேண்டும். அந்த இடைமுகம் பிரிட்ஜ் (பல இடைமுகங்களை ஒன்றாக இணைக்கும் மென்பொருள் பாலம்) ஒன்றின் உறுப்பாக இருந்தால், 'இது அடிமைச் சாதனம்' என்று கெர்னல் மறுத்திருக்கும்; டிமெசேஜில் அந்த வரி இருக்கும், பிரிட்ஜின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். கேட்கும் கணினி வேறு சப்நெட்டில் இருந்தால், கெர்னல் தானாக வழி தேடாது. ரூட்டரின் மேக் முகவரியை நீங்களே அளவுருவில் எழுத வேண்டும்.

யூடிபி என்பதால் ஒரு வரி தொலைந்தாலும் மறுமுறை வராது. ஸ்டாக் டிரேஸின் நடுவில் ஓர் ஓட்டை இருந்தால் அதை வைத்துக் கதை கட்டாதீர்கள். இன்னொரு முறை பிடியுங்கள்.

அறிகுறி: விசைப்பலகை விளக்குகள் சிமிட்டுகின்றன

பேனிக் ஏற்கெனவே நடந்துவிட்டது. செய்தி அச்சாகியும் இருக்கலாம். டெஸ்க்டாப் திரையை மறைத்துக்கொண்டிருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. 2024இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து, ஆதரவுள்ள வரைகலை டிரைவர்களில் பேனிக் செய்தியைத் திரையிலேயே காட்டும் டிஆர்எம் பேனிக் வசதி இருக்கிறது. பழைய கெர்னலில் பிழையை எழுத்துக் கன்சோலில் இருந்தபடி வரவழைத்துப் பாருங்கள். ஆனால் மேலே ஓடிவிட்ட வரிகளைத் திரும்ப உருட்டிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். எழுத்துக் கன்சோலின் அந்த வசதி 5.9 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. பூட் நேரத்தில் இறக்கும் கெர்னலாக இருந்தால் 'பூட் டிலே' கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி விட்டு, கைப்பேசியில் காணொளி எடுக்கலாம்.

அறிகுறி: தானாக ரீபூட் ஆகிறது, தடயமே இல்லை

பேனிக் ஆனபின் ரீபூட் ஆகிறதா, பேனிக் ஆகாமலே ரீபூட் ஆகிறதா? பூட் வரியில் 'பேனிக்=0' கொடுங்கள். இப்போது ரீபூட் ஆகாமல் நின்றால் முதல் வகை. அப்போதும் ரீபூட் ஆனால், வன்பொருள் வாட்ச்டாக் (பதில் வராவிட்டால் கணினியை ரீசெட் செய்யும் காவலர்), டிரிப்பிள் ஃபால்ட் (பிழையைக் கையாளும்போதே மேலும் பிழை நேர்ந்து சிபியு கைவிடுவது), மின்சாரம், வெப்பம் ஆகியவற்றில் ஒன்று.

முதல் வகைக்கு பிஸ்டோர் மிகப் பொருத்தம். பேனிக் நேரத்தில் கெர்னல் தன் பதிவின் கடைசிப் பகுதியைத் தாய்ப்பலகை நிரலான யூஇஎஃப்ஐயின் மாறிகளிலோ, ரீபூட்டிலும் அழியாத ரேம் துண்டிலோ எழுதி வைக்கும். அடுத்த முறை எழுந்ததும் சிஸ் கோப்பகத்தில் எஃப்எஸ், அதற்குள் பிஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். அங்கே காலியாக இருந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பல விநியோகங்களில் சிஸ்டம்டி அவற்றை வார், லிப், சிஸ்டம்டி வழியாக உள்ள பிஸ்டோர் கோப்பகத்துக்கு ஏற்கெனவே நகர்த்தியிருக்கும். யூஇஎஃப்ஐ இடம் மிகச் சிறியது. படித்ததும் நீக்கிவிடுங்கள், அந்த இடம் நிரம்பியதால் மடிக்கணினியே எழாமல் போன நிகழ்வுகள் முன்பு நடந்திருக்கின்றன.

ரேம் துண்டைப் பயன்படுத்தும் ராம்ஊப்ஸில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. கன்சோலுக்கென்று அதில் ஒரு பங்கை ஒதுக்கினால், பேனிக் வரும்வரை காத்திராமல் ஒவ்வொரு வரியும் அவ்வப்போதே அங்கே பதியும். பேனிக்கே ஆகாத உறைவுக்கும் அது உதவும், ஒரு நிபந்தனையோடு: ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

அறிகுறி: கேடம்ப் அமைத்தும் கோப்பு வரவில்லை

கேடம்ப் என்பது பேனிக் நேரத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்றுக்குத் தாவி, முதலாவதன் நினைவகத்தை அங்கிருந்து நகலெடுப்பது. அதற்கான ரேமை பூட் நேரத்திலேயே 'கிராஷ்கெர்னல்=256எம்' போன்ற வரியால் ஒதுக்க வேண்டும். சிஸ் கோப்பகத்தில் கெர்னலுக்குள் உள்ள கெக்செக் கிராஷ் லோடட் கோப்பில் 1 இருந்தால் இரண்டாவது கெர்னல் தயார். 0 என்றால் ஒதுக்கீடு போதவில்லை, அல்லது சேவை ஓடவில்லை.

1 இருந்தும் கோப்பு வராவிட்டால், இரண்டாவது கெர்னலின் சிறிய தொடக்கப் படிமத்தில் உங்கள் வட்டுக்கான டிரைவர் இல்லாமல் இருக்கலாம். அல்லது உங்கள் பிழை வட்டு டிரைவரிலேயே இருக்கலாம். பின்னதாக இருந்தால் நகலை நெட்வொர்க் வழியே வேறு கணினிக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

கேடம்பும் பிஸ்டோரும் ஒன்றாக இருக்கும்போது பிஸ்டோர் காலியாக இருப்பது இயல்பு. பேனிக் ஆனதும் கெர்னல் நேராக இரண்டாவது கெர்னலுக்குத் தாவிவிடுகிறது. பிஸ்டோருக்கு எழுதும் கட்டத்துக்கே வருவதில்லை. 'கிராஷ் கெக்செக் போஸ்ட் நோட்டிஃபையர்ஸ்' கொடுத்தால் வரிசை மாறும். ஆனால் காயம்பட்ட கெர்னல் கூடுதலாகச் சில அடிகள் நடக்க வேண்டியிருக்கும். வழியில் விழுந்தால் இரண்டும் போகும்.

அறிகுறி: உறக்கத்திலிருந்து எழவில்லை

'நோ கன்சோல் சஸ்பெண்ட்' கொடுத்தால் கன்சோல் கடைசிவரை விழித்திருக்கும். சீரியல் இல்லாத எக்ஸ்86 கணினியில் பிஎம் டிரேஸ் என்ற விசித்திர வசதி இருக்கிறது. வேறு எங்கும் எழுத இடமில்லாததால், எந்தச் சாதனத்தில் நின்றது என்பதற்கான ஒரு குறியை அது கடிகாரச் சில்லில் எழுதிவிடும். எழாமல் போனதும் உடனே ரீபூட் செய்து, டிமெசேஜில் எந்தச் சாதனத்தோடு குறி பொருந்துகிறது என்று பாருங்கள். கணினியின் தேதி தாறுமாறாகியிருக்கும்; பயப்பட வேண்டாம், திருத்திக்கொள்ளலாம்.

மெய்நிகர் கணினியில் இதே பிழையை வரவழைக்க முடிந்தால்

மேலே சொன்ன பாதித் துன்பம் இல்லை. மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரலான கியூஎமுவில் சீரியலை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். சிறிய 'எஸ்' விருப்பத்தோடு தொடங்கினால் 1234ஆம் போர்ட்டில் பிழைநீக்கி நிரலான ஜிடிபி இணையலாம். கெர்னலின் முகவரிகள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறுவதை நிறுத்தும் 'நோகேஏஎஸ்எல்ஆர்' அளவுருவைக் கொடுக்க மறந்தால் முகவரிகள் பொருந்தாது. உறைந்ததும் எல்லாத் திரெட்களின் பேக்டிரேஸையும் கேளுங்கள். ஒவ்வொரு திரெட்டும் ஒரு சிபியு. கெர்னலின் ஒத்துழைப்பு துளியும் தேவையில்லை. டிரிப்பிள் ஃபால்ட்டில் சுழன்று சுழன்று ரீபூட் ஆனால், 'நோ ரீபூட்', 'நோ ஷட்டவுன்' என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்தால் விழுந்த இடத்திலேயே நிற்கும்.

பொறி வேலை செய்கிறதா என்று இன்றே பார்ப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும், கோப்புகளைச் சேமித்துவிட்டு, சிஸ்ஆர்க்யூ டிரிக்கர் கோப்பில் 'சி' என்று எழுதி ஒரு பேனிக்கை நீங்களே வரவழையுங்கள். ஆனால் அது சோதிப்பது பேனிக் பாதையை மட்டும்தான், உறைவை அல்ல. உறைவைச் சோதிக்க எல்கேடிடிஎம் மாட்யூல் இருக்கிறது. டீபக் கோப்பகத்தில் புரொவோக் கிராஷ், அதற்குள் டைரக்ட் என்ற கோப்பில் 'ஹார்ட்லாக்கப்' என்று எழுதினால் உண்மையாகவே ஒரு சிபியு இன்டரப்ட்களை மூடிக்கொண்டு சுற்றத் தொடங்கும். பத்துப் பதினைந்து வினாடிகளில் மறுமுனையில் டிரேஸ் வரவில்லை என்றால், உங்கள் பொறி நிஜமான எலிக்கும் மூடாது.

வரிகள் கைக்கு வந்தபின்

மேலிருந்து படியுங்கள், கீழிருந்து அல்ல. முதல் ஊப்ஸ்தான் நம்பகமானது. அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் பின்விளைவுகள். கெர்னல் கறைபட்டிருப்பதைக் குறிக்கும் 'டெயின்டட்' என்ற சொல்லுக்குப் பின் வரும் எழுத்துகளைப் பாருங்கள். டபிள்யூ இருந்தால் முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. எல் இருந்தால் முன்பே சாஃப்ட் லாக்கப். எம் இருந்தால் வன்பொருளே புகார் செய்திருக்கிறது. டி (D) இருந்தால் நீங்கள் பார்ப்பது இரண்டாவது விபத்து, முதலாவதைப் பதிவில் மேலே தேட வேண்டும். டிரேஸில் கேள்விக்குறியோடு வரும் செயற்கூறுகளை உறுதியாக நம்ப வேண்டாம். ஸ்டாக்கில் தற்செயலாகக் கிடந்த பழைய முகவரிகளாகவும் இருக்கலாம்.

முகவரிகளைக் கோப்பு, வரி எண்களாக மாற்ற, கெர்னல் மூலத்தோடு வரும் டீகோட் ஸ்டாக்டிரேஸ் என்ற ஸ்கிரிப்ட் போதும். அதற்கு விழுந்த அதே கெர்னலைக் கட்டியபோது உருவான, பிழைநீக்கத் தகவலுள்ள விஎம்லினக்ஸ் கோப்பு வேண்டும். அதே மூலத்தை வேறு அமைப்பிலோ வேறு கம்பைலரிலோ மறுபடி கட்டினால் முகவரிகள் நகர்ந்துவிடும். ஸ்கிரிப்ட் எந்தத் தயக்கமும் இல்லாமல் தவறான வரியைக் காட்டும். ஆகவே கெர்னலை நிறுவும் ஒவ்வொரு முறையும் அதன் விஎம்லினக்ஸைப் பதிப்பு எண்ணோடு தனியாக எடுத்துவையுங்கள்.